கணவாய்க்கு அந்தப் பக்கம்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால், பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)



இந்த வருஷம் எங்கே போவது என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வழக்கம்போல ஒரு பக்கம் ஊட்டி என்றார்கள், இன்னொரு பக்கம் கொடைக்கானல் என்றார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "செங்கோட்டை" என்றேன். உடனே சி பிளாக் மாமி ஒருவர், "அங்கே பார்க்க என்ன இருக்கு சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது கேள்வி கேட்டால் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். ஒரு மாதம் புரட்டினேன். அந்தப் பதில்தான் இந்தப் பேச்சு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரம். குற்றாலம் போயிருப்பீர்கள், அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். செங்கோட்டையில் எந்தத் தெருவில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை மதில் கட்டினாற்போல நிற்கிறது. அந்த மதிலில் ஓர் இடத்தில் மட்டும் உயரம் குறைந்து ஒரு வாசல் விழுந்திருக்கிறது. அதுதான் ஆரியங்காவுக் கணவாய். செங்கோட்டைக் கணவாய் என்றும் சொல்வார்கள். தெற்கே அகத்தியமலைக் காடு, வடக்கே பெரியாற்றுக் காடு, இரண்டுக்கும் நடுவில் இந்த இடைவெளி. பாலக்காட்டுக் கணவாய்போல அகலமானது அல்ல. பாலக்காடு பெரிய வீட்டின் தலைவாசல் என்றால், இது கொல்லைப்புறக் கதவு. ஆனால் எந்த வீட்டிலும் அன்றாடப் புழக்கம் கொல்லைக் கதவு வழியாகத்தானே?

இந்தக் கதவு வழியாக முதலில் வருவது காற்று. ஜூன் மாதம் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், மலை தடுத்தது போக மீதி ஈரக்காற்று இந்த இடைவெளியில் புகுந்து இந்தப் பக்கம் வரும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் வெயிலும் புழுதியுமாக இருக்கும்போது, செங்கோட்டை, தென்காசி, இலஞ்சி, குற்றாலம் எல்லாம் சாரலில் நனைந்துகொண்டிருக்கும். குடையை விரிக்கவும் முடியாது, மடக்கவும் முடியாது, அப்படி ஒரு மழை. குற்றால சீசன் என்று நாம் கொண்டாடுகிறோமே, அது இந்த வாசல் போட்ட பிச்சை. அந்த ஈரத்தை நம்பித்தான் அங்கே கார் நெல் விளைகிறது.

நான் பிறந்தது இலஞ்சி. பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து, ஐந்தாவது வருஷம், 1987-இல் செங்கோட்டைக் கிளைக்கு மாற்றல் வாங்கினேன். நான்கு வருஷம் அங்கே இருந்தேன். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமா, அங்கே வங்கிக் கவுன்டரில் உட்கார வேண்டும். யாருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும். செங்கோட்டைக்காரர்களின் பணத்தில் பாதி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்துப் பிரானூரில் வரிசையாக மர அறுவை மில்கள்; தடி அந்தப் பக்கத்திலிருந்து வரும். இந்தப் பக்கத்திலிருந்து காய்கறியும் வைக்கோலும் லாரி லாரியாக ஏறும். வைக்கோல் லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? லாரியே தெரியாது. ஒரு வைக்கோல் படப்பு தானாக மலை ஏறுவதுபோல இருக்கும். காலையில் தமிழில் செலான் எழுதிக் கொடுப்பவர், மதியம் மலையாளத்தில் கையெழுத்துப் போடுபவரை அழைத்துக்கொண்டு வந்து ஜாமீன் நிறுத்துவார். இரண்டு பேரும் மாமன் மைத்துனராக இருப்பார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் இல்லை. அது திருவிதாங்கூர். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தும் அது மலைக்கு அந்தப் பக்கத்து மகாராஜாவின் ஊர். என் காலத்தில் ஊர் எல்லையில் நின்ற பழைய வளைவில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவேன். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை நம் பக்கம் வந்தது. மலைக்கு அப்பால் இருந்த ஆரியங்காவுப் பகுதி கேரளத்தோடு நின்றது. அலுவலகக் கணக்கில் அது சரியான பங்கீடுதான். ஆனால் குடும்பங்கள் லெட்ஜர் மாதிரி நடுவில் கோடு போட்டுப் பிரிகிறவை அல்ல. அண்ணன் இந்த மாநிலம், தம்பி அந்த மாநிலம் என்று ஆன வீடுகள் அங்கே நிறைய.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர். அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? புனலூர். திருவிதாங்கூர் வனத்துறையில். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். அந்த வாழ்க்கை அங்கே அவ்வளவு சாதாரணம்.

சாமியே அப்படித்தான் சம்பந்தம் செய்திருக்கிறார். கணவாயில் இருக்கும் ஆரியங்காவு ஐயன் கோயிலுக்குச் சபரிமலை போகிறவர்கள் போயிருப்பீர்கள். சாலையிலிருந்து படி இறங்கிப் போகவேண்டும். அங்கே ஐயன் மாலையிட்ட புஷ்கலை, மதுரைச் சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுப் பெண் என்பது ஐதீகம். டிசம்பரில் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு போவார்கள். கோயில் தரப்பு அவர்களைச் சம்பந்தி மரியாதையோடு வரவேற்கும். இன்றைக்கும் நடக்கிறது. சுவாமிக்கே கணவாய்க்கு இந்தப் பக்கம் மாமியார் வீடு!

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் அக்காவை 1974-இல் புனலூரில் கொடுத்தோம். அத்தானுக்கு அங்கே மளிகைக் கடை. அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா வயலுக்குப் போன நேரமெல்லாம் என்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவள். அவள் கல்யாணமாகிப் போன அன்று செங்கோட்டை ஸ்டேஷனில் நான் அழுத அழுகையைப் பார்த்து, கார்டு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லம் துறைமுகத்தையும் சென்னை மாகாணத்தையும் இணைக்க மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. 1904-இல் ஓடத் தொடங்கியது. கொல்லம் பக்கத்தில் தண்டவாளம் தயார். மலைப்பகுதி இன்னும் முடியவில்லை. இன்ஜின் எப்படி வரும்? தூத்துக்குடியிலிருந்து பகுதி பகுதியாகக் கப்பலில் ஏற்றி, தென்முனையைச் சுற்றிக் கொல்லத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டி ஓட்டினார்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர்தான். அதற்குள் சுரங்கங்கள், வளைவுகள், பாலங்கள். கழுதுருட்டி என்ற இடத்தில் பதிமூன்று கண் பாலம். ஒரு மலைச்சரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கல் வளைவுகளை வரிசையாக நிறுத்தி, அதன்மேல் தண்டவாளம். நூறு மீட்டர் நீளம் இருக்கும். நூற்றிருபது வருஷம் ஆகியும் அதே தூண்கள்தான் ரயிலைத் தாங்குகின்றன.

நான் செங்கோட்டையில் இருந்த நான்கு வருஷமும் அக்கா அந்த ரயிலில்தான் வருவாள். பொங்கலுக்கு ஒரு தடவை, சாரல் சீசனில் ஒரு தடவை, நடுவில் சும்மா இரண்டு தடவை. வரும்போது நேந்திரங்காய் வறுவலும் பலாப்பழமும். போகும்போது சின்ன வெங்காயம், முருங்கைக்காய், பிச்சிப்பூ. மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வருவாள். சுரங்கத்தில் வண்டி நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள் அல்லவா, அதில் தொண்டை கட்டி, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சு வராமல் இருப்பார்கள். அக்காவும் சேர்ந்து கத்துவாள் என்று பிள்ளைகள் காட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு எனக்கு மாற்றல். மதுரை, திருச்சி, கடைசியில் சென்னை. அப்போதும் வருஷம் ஒரு முறையாவது இலஞ்சி போவேன். அக்காவும் ரயில் ஏறி வந்துவிடுவாள்.

2010 செப்டம்பரில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை போடப் போகிறோம் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சமவெளியில் தண்டவாளம் மாற்றுவதுபோல அல்ல அது. சுரங்கங்களை அகலப்படுத்த வேண்டும், பழைய பாலங்களை வலுப்படுத்த வேண்டும், வருஷத்தில் பாதி நாள் மழை. வேலை முடிந்து முழுப் பாதையும் திறந்தது 2018 ஜூனில். கிட்டத்தட்ட எட்டு வருஷம்.

அக்காவுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது. புளியரைக்கு மேலே எஸ் வளைவில் ஏறும்போதே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஆகவே அவள் வருவது நின்றது. நான் போனில், "ரயில் விட்டதும் முதல் வண்டியில் வாரேன் அக்கா" என்பேன். அவளும், "சரி தம்பி, விடட்டும்" என்பாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வருஷமும் அதையேதான். வங்கியில் ரெனிவல் போடுவதுபோலப் போட்டுக்கொண்டே போனேன்.

நடுவில் 2013-இல் அத்தான் தவறிப்போனார். தகவல் வந்த இரவே கார் எடுத்துக்கொண்டு போனேன். காரியம் முடிந்ததும் அன்று சாயங்காலமே திரும்பிவிட்டேன். மறுநாள் ஆடிட் என்று சொன்னதாக ஞாபகம். மற்றபடி அந்த எட்டு வருஷத்தில் நான் கணவாயைத் தாண்டவில்லை.

2018-இல் ரயில் ஓடியது. பேப்பரில் படம் பார்த்தேன். உடனே போன் செய்தேன். "ரயில் விட்டாச்சு அக்கா, இனி நீ வரலாம்" என்றேன். அவள் சிரித்தாள். "வண்டி வந்துட்டு தம்பி. மூட்டுதான் வரமாட்டேங்கு. ஸ்டேஷன் படி ஏற முடியல்லா" என்றாள்.

அதற்கப்புறமும் ஒரு வருஷம் கழித்துத்தான் போனேன். 2019 ஜூலை கடைசி. ஓய்வு பெற்றவனுக்கு ஒரு வருஷம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஓய்வு பெற்றவனுக்குத்தான் நேரமே இருக்காது.

நானும் என் வீட்டுக்காரியும் செங்கோட்டையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் பகல் பாசஞ்சரில் ஏறினோம். மலைக்காக வண்டிக்கு முன்னால் ஓர் இன்ஜின், பின்னால் தள்ளிக்கொடுக்க ஓர் இன்ஜின். இரு பக்கமும் நெல் வயல், தென்னை. பகவதிபுரம் நம் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டியதும் வயல் கீழே போகிறது, வண்டி முனகிக்கொண்டே ஏறுகிறது, நடந்து வருகிறவன்கூட முந்திவிடுவான் போல. பிறகு சுரங்கம். இருட்டு. எங்கள் பெட்டியில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் இருந்தது; போட்டார்கள் கூச்சல். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் வேறு தேசம். அந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மழை கொட்டுகிறது. புல்லெல்லாம் ஆள் உயரம். ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை. ரப்பர் மரங்களில் கட்டிய சிரட்டைகள். சரிவில் ஓட்டு வீடுகள். சன்னலோரம் மழை அடித்தாலும் என் வீட்டுக்காரி ஷட்டரை இறக்க விடவில்லை.

ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு மெதுவாகப் போகிற ரயிலில், மனிதனுக்குத் தன்னைப் பற்றி யோசிக்காமல் இருக்க வழியில்லை.

அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. துக்கத்துக்குப் போன அன்று அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பாடு போட்டாள். நான் பெருமையாக, "பார்த்தியா அக்கா, ரயில் விட்டதும் வருவேன்னு சொன்னேன்லா?" என்றேன்.

அவள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு தம்பி."

அவ்வளவுதான். கோபம் இல்லை, குத்தல்கூட இல்லை. பால் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கவா?" என்றாள்.

எனக்குச் சாதம் இறங்கவில்லை. அவள் சொன்னது சரி. மூடியிருந்தது ரயில் பாதை மட்டும்தான். சாலை ஒரு நாளும் மூடவில்லை. அந்த எட்டு வருஷமும் காய்கறி லாரி போயிற்று, வைக்கோல் லாரி போயிற்று, ஐயப்ப பக்தர்கள் போனார்கள், மதுரைச் சம்பந்திகள் வருஷம் தவறாமல் சீர் கொண்டு போனார்கள். பேருந்து ஒத்துக்கொள்ளாதது அக்காவுக்கு, எனக்கு அல்ல. துக்கத்துக்குப் போக ஒரே இரவில் கார் கண்டுபிடித்தவனுக்கு, சும்மா பார்த்துவிட்டு வர எட்டு வருஷம் வழி தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் வரவு செலவு பார்த்தவன் நான். என் கணக்கில் இப்படி ஒரு பற்று நின்றதை நானே கவனிக்கவில்லை.

நான்கு நாள் தங்கினோம். மறுநாள் ஆட்டோ வைத்து அக்காவைப் புனலூர்த் தூக்குப்பாலத்துக்கு அழைத்துப் போனேன். கல்லடையாற்றின்மேல் 1877-இல் கட்டியது. சங்கிலியில் தொங்குகிற பாலம். இப்போது வாகனம் கிடையாது, நடக்க மட்டும்தான். கல்யாணமான புதிதில் அத்தானோடு வந்தது என்றாள். அதற்கப்புறம் நாற்பது வருஷமாக அதே ஊரில் இருந்தும் வரவில்லையாம். என்னைப் போலத்தான், பக்கத்திலேயே இருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று. இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் பாலம் வரை நடந்தோம். "போதும்ல, திரும்புவோம்" என்றாள்.

ஊருக்குத் திரும்பும்போது வேண்டுமென்றே பேருந்தில் வந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பதிமூன்று கண் பாலத்தை ரயிலில் போகிறவன் பார்க்க முடியாது. அவன் அதன்மேல் இருக்கிறான். பேருந்தில் வருகிறவனுக்குத்தான் அது முழுசாகத் தெரியும். சாலை ஓரத்திலேயே நிற்கிறது. இத்தனை வருஷமும் அக்காவைத் தூக்கிச் சுமந்தது இந்தத் தூண்களா என்று இறங்கி நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை போகிறேன். கொரோனா வந்த போது மட்டும் உண்மையாகவே வழி மூடியிருந்தது. அதைச் சாக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் ஒரு செய்தி. இது நம்மைப் போன்ற வயதுக்காரர்களைப் பற்றியது என்பதால் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று புளியரை எஸ் வளைவில் சாலையிலிருந்து சரிந்து, கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. பக்கத்தில் குடியிருந்த ஒரு வயதான தம்பதி சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். ரயில் வரும் நேரம். இருவரும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் எதிரே ஓடி, வெளிச்சம் காட்டி ரயிலை நிறுத்திவிட்டார்கள். பெரிய விபத்து தப்பியது. முதலமைச்சர் அவர்களைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தார். பேப்பரில் அவர்கள் படத்தைப் பார்த்தபோது, இது யாருடைய பாதை என்று எனக்குப் புரிந்தது. மகாராஜா போட்டார், என்ஜினியர்கள் கட்டினார்கள், சரி. ஆனால் பாதையை ஒவ்வொரு நாளும் திறந்து வைத்திருப்பவர்கள் அதன் ஓரத்தில் குடியிருக்கிறவர்கள்.

இப்போது சி பிளாக் மாமியின் கேள்விக்கு வருகிறேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

மாமி, ஊட்டி மாதிரி பூங்காவும் படகும் இல்லை. காட்சிமுனை என்று பலகை வைத்த இடம்கூட அதிகம் இல்லை. ஆனால் ஒரு வாசல் இருக்கிறது. ஒரு சுரங்கத்துக்கு இந்த முனையில் ஒரு தேசம், அந்த முனையில் இன்னொரு தேசம். அதைப் பார்க்கலாம். ஆரியங்காவு கோயில் இருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பாலருவி. தென்மலையில் அணை. புனலூரில் தூக்குப்பாலம். இந்தப் பக்கம் குற்றாலம், தென்காசிக் கோயில், பண்பொழித் திருமலை முருகன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

சுற்றுலாக் குழுவுக்கு என் யோசனைகள் இவை. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரசில் ஏறினால் செங்கோட்டையில் காலையில் இறங்கலாம். கொல்லம் எக்ஸ்பிரசில் நேராகப் போனால் மலையைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவீர்கள், அது வேண்டாம். செங்கோட்டையில் ஓர் இரவு தங்கி, பகலில் கடக்கிற வண்டியைப் பார்த்துப் போகவேண்டும். போகும்போது ரயில், வரும்போது சாலை. அப்போதுதான் பாலத்தின் மேலும் போகலாம், பாலத்தையும் பார்க்கலாம். சாரல் பார்க்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட். மழை வேண்டாதவர்களுக்கு ஜனவரி. காட்டுப் பகுதி என்பதால் தண்ணீர் பாட்டிலையும் பொட்டலக் காகிதத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். குப்பைக்காக நம் பிளாக்குகளுக்குள் நடக்கிற சண்டையை அங்கேயும் கொண்டுபோக வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சுற்றுலா போகிறோமோ இல்லையோ, இதை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நூற்றைம்பது வீட்டில் அநேகமாக எல்லோருக்கும் ஏதாவது ஒரு கணவாய்க்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்கள். அக்காவோ, அண்ணனோ, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்த சிநேகிதனோ. போக வேண்டும் என்று நினைத்திருப்போம். மழை விடட்டும், பேரனுக்குப் பரீட்சை முடியட்டும், முட்டிக்கு வைத்தியம் ஆகட்டும், நல்ல வண்டி விடட்டும் என்று ரெனிவல் போட்டுக்கொண்டிருப்போம். ஒரு வழி மூடியிருக்கலாம். இன்னொரு வழி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கொஞ்சம் குமட்டும், கொஞ்சம் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான்.

என் அக்காவுக்கு இப்போது எழுபத்து மூன்று. அடுத்த மாதம் போகிறேன். நம் குழு வந்தால், எல்லோருக்கும் மோர் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எத்தனை பேர் என்று கேட்டாள். நாற்பது பேர் வரலாம் என்றேன். "வரட்டும். ஆனா ரயில் விடட்டும், அது விடட்டும்னு சொல்லாம வரச் சொல்லு" என்றாள்.

பெயர் கொடுக்க வேண்டியவர்கள் செயலாளரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.